அத்தியாயம் 5: லைன் வீட்டுக்கு ஏற்ற ஆம்ப்

எனக்குத் தெரிந்து, திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்கிற நேரம் இரவு ஒன்பதிலிருந்து பத்து, பத்தரை வரைக்கும்தான். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, கிட்டாரை மடியில் வைக்கும்போது பக்கத்து வீட்டில் பாய் விரித்திருப்பார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் நடுவில் இருப்பது நாலரை இஞ்ச் செங்கல் சுவர். மேலே ஷீட் கூரை. சுவர் கூரையைத் தொடாமல் நிற்கிற லைன் வீடுகளும் உண்டு. அங்கே ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு, அந்தச் சுவர்களுக்குள், நன்றாக ஒலிக்கிற ஆம்ப் எது என்பதுதான் இந்த அத்தியாயம். மேடைக்கும் சர்ச்சுக்கும் வாங்குவது வேறு கணக்கு. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் ஒரே ஆம்பாக இருக்கட்டும் என்று வாங்கியவர்களில் பலர் வீட்டில் வாசிப்பதையே விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் ஆம்ப், ஒரு இன்னிசைக் குழு கலைந்தபோது கைமாறி வந்தது. 60 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர். அப்போது மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தேன். வால்யூம் குமிழ் ‘1’-ஐத் தொட்டதும் அலமாரியில் இருந்த பாத்திரங்கள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு அக்கா வந்தார், பனியன் தைக்கிற பவர் டேபிளில் ஓவர்லாக் அடிக்கிறவர். கோபப்படவில்லை. “ஏனுங் தம்பி, பாட்டு நல்லாத்தானுங் இருக்குது. காத்தால நேரத்துல எந்திரிச்சு டேபிளுக்குப் போகோணும். கொஞ்சம் சின்னதா வாசிச்சீங்கன்னா தேவலைங்க” என்றார். குமிழை ஒன்றுக்குக் கீழே இறக்கினேன். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. பேஸ் காணாமல் போய், கம்பியில் பிக் உரசுகிற சத்தம்தான் மிஞ்சியது. அதே கிட்டார், அதே விரல்கள், அதே ஆம்ப். சத்தம் குறைந்ததும் நாதம் ஏன் செத்துப்போகிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அது புரிந்தால் ஆம்ப் வாங்குவது எளிது.

வாட் கணக்கு

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, “எத்தனை வாட்?” வீட்டுக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

கிட்டார் ஆம்பில் போடுகிற 12 இஞ்ச் ஸ்பீக்கர்கள் உணர்திறன் மிகவும் கூடியவை. ஒரே ஒரு வாட் கொடுத்தால் போதும், ஒரு மீட்டர் தள்ளி 97 முதல் 100 டெசிபல் வரை சத்தம் வரும். செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்கிற புகழ்பெற்ற ஸ்பீக்கரின் அளவு 100. வாட்டைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஆகவே 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம்தான் போடும்.

இந்தக் கணக்கைக் கீழ்நோக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற சத்தம் சுமார் 60 டெசிபல். 97 டெசிபல் ஸ்பீக்கரில் அந்த அளவுக்கு வாசிக்க, ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும். கொஞ்சம் தாராளமாக 70 டெசிபல் வைத்துக்கொண்டாலும் ஐந்நூறில் ஒரு பங்குதான். 60 வாட் ஆம்பின் வால்யூம் குமிழில் அந்த அளவு எங்கே இருக்கும்? பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை அகலத்தில் இருக்கும். அங்கே குமிழைத் திருப்பி நிறுத்தக் கை பழகவே பழகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது வரம்பு. நம் ஒரு மணி நேரம் சரியாக அந்தப் பத்து மணிக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

சின்னச் சத்தத்தில் நாதம் ஏன் மெலிகிறது

முதல் காரணம் நம் காது. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து எழுதினார்கள். சத்தம் குறையக் குறைய, மனிதக் காதுக்குக் கீழ் ஸ்தாயி மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக மறைகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு கேட்கிறதோ, அதே அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் சுமார் 64 டெசிபல் வேண்டும். கிட்டாரின் ஆறாவது கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். மேடையில் நெஞ்சில் வந்து மோதுகிற அந்தக் கம்பி, ராத்திரி வீட்டில் காகிதம் போல ஒலிப்பது இதனால்தான். ஆம்ப் கெட்டுப்போகவில்லை.

இரண்டாவது காரணம் ஆம்பின் உடம்பு. பழைய வால்வு ஆம்புகளின் இனிமை, அவற்றின் பவர் வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் எல்லைவரை உழைக்கும்போது பிறக்கிறது. 1965-ல் லண்டனில் தி ஹூ குழுவினர் கேட்டதற்காக ஜிம் மார்ஷல் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப், பெரிய அரங்குக்காகப் பிறந்தது. அதை வீட்டில் முணுமுணுக்க வைத்தால் அதன் இனிமை எங்கே பிறக்கிறதோ அந்த இடம் வரைக்கும் கரண்டே போகாது.

மூன்றாவதை யாரும் சொல்லித்தருவதில்லை. சத்தமாக வாசிக்கும்போது ஸ்பீக்கரிலிருந்து வருகிற காற்று கிட்டாரின் உடம்பையும் கம்பியையும் தொட்டு மறுபடியும் அதிர வைக்கும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது நீண்டு நிற்பது அதனால். சின்னச் சத்தத்தில் இந்தத் துணை கிடையாது. ஸ்வரம் சீக்கிரம் சாகும். அதோடு, பிளக் செருகாத எலக்ட்ரிக் கிட்டாருக்கே ஒரு சொந்தச் சத்தம் உண்டு. ஆம்ப் அதைவிடச் சின்னதாகப் பேசினால், நீங்கள் கேட்பது ஆம்பை அல்ல, பிக் உரசலைத்தான்.

இந்த மூன்றையும் ஈடுகட்டுகிற ஆம்ப்தான் வீட்டு ஆம்ப். சின்னச் சத்தத்திலும் பேஸ் நிறைந்திருக்க வேண்டும். வால்யூமைக் கூட்டாமலேயே டிஸ்டார்ஷன் பிறக்க வேண்டும். கொஞ்சம் ரிவர்ப், கொஞ்சம் கம்ப்ரஷன் கொடுத்து ஸ்வரத்தை நீட்டித்தர வேண்டும். ஹெட்போன் போட்டாலும் அதே நாதம் வர வேண்டும்.

எதை வாங்குவது

“5 வாட் வால்வு ஆம்ப் வாங்கு, அதுதான் வீட்டுக்கு” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். சொல்வதில் பாதி உண்மை. எரிக் கிளாப்டன் 1970-ல் ‘லேலா’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற சின்ன ஆம்ப்தான்: ஒரே ஒரு பவர் வால்வு, 8 இஞ்ச் ஸ்பீக்கர். ஸ்டுடியோவில் மைக் முன்னால் அது தேவாமிர்தம். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஐந்து வாட்டை முழுதாக உழைக்கவிட்டால் 100 டெசிபலை ஒட்டி வரும். அது விசைத்தறிக் கொட்டகைச் சத்தம். தனி வீடு, தோட்டத்து வீடு இருந்தால் வாங்குங்கள். லைன் வீட்டுக்கு வேண்டாம். வால்வு மாற்றவும் பழுது பார்க்கவும் தெரிந்த கை பக்கத்தில் இல்லாத ஊரில், முதல் ஆம்பாக அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க வேண்டியது, டிஜிட்டல் முறையில் பெரிய ஆம்புகளின் நடத்தையைச் சின்னச் சத்தத்திலேயே உண்டாக்குகிற மாடலிங் ஆம்ப். பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

இந்த வகையில் வீட்டுக்கென்றே பிறந்தது யமஹாவின் டி.எச்.ஆர். வரிசை. மேடைக்கு ஒன்று, மேடைக்குப் பின்னால் பழக ஒன்று, வீட்டுக்கு மூன்றாவதாக ஒன்று என்ற எண்ணத்தில் அவர்கள் செய்தது. டி.எச்.ஆர். 10-ல் இரண்டு 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர்கள்தான். கிட்டார் ஸ்பீக்கர் போல இல்லாமல் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் போல முழு வீச்சிலும் ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். டிவியைக் காட்டிலும் குறைந்த சத்தத்தில் இதை வாசித்திருக்கிறேன். ஆறாவது கம்பி ஆறாவது கம்பியாகவே இருந்தது. போனிலிருந்து பாட்டை அதிலேயே ஓடவிட்டு, கூடவே வாசிக்கலாம். கண்டிப்பாக இரவில் மட்டும்தான் வாசிப்பேன், மேடை ஏறப்போவதில்லை என்கிறவருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

நாளைக்கு ஒரு சின்ன மேடையும் ஏறலாம் என்று நினைக்கிறவருக்கு பாஸ் கட்டானா 50. அதில் சக்தியைக் குறைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது: 50 வாட், 25 வாட், அரை வாட். அரை வாட்டில் வைத்தால் வால்யூம் குமிழைத் திருப்ப இடம் கூடும். மயிரிழைத் தொல்லை குறையும். 12 இஞ்ச் ஸ்பீக்கர் என்பதால் உடம்புள்ள ஒலி. ஒரு குறை: அரை வாட் என்பது சின்னச் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். முழுதாகத் திறந்தால் அதுவே தெருவுக்குக் கேட்கும். அங்கேயும் மாஸ்டர் குமிழைக் கீழேதான் வைக்க வேண்டும்.

கை கடிக்கிறவர்களுக்கு வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10. 10 வாட், ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர். எஃபெக்ட் எதுவும் கிடையாது. கிளீன் ஒலி அழகு. நம் காது 80-களின் தமிழ்ப் பாட்டில் வளர்ந்த காது. அந்தப் பாட்டுகளில் கிட்டார் பெரும்பாலும் தெளிவாக, மணி போல ஒலிக்கும். அதைத் தேடுகிறவருக்கு இந்தச் சின்னப் பெட்டி போதுமானது. ஒரு ரிவர்ப் பெடல் மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பேட்டரி ஆம்புகளில் பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பரவாயில்லை. விரல் பழக்கத்துக்கு உதவும். நாதத்துக்காக அதை வாங்க வேண்டாம்.

இன்னும் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு. வாக்ஸ் ஆம்ப்ளக் போல கிட்டார் ஜாக்கிலேயே செருகுகிற ஹெட்போன் ஆம்ப். கையடக்கமானது, இரண்டு சின்னப் பேட்டரியில் ஓடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதற்கு ஈடே இல்லை. வயர் உள்ள ஹெட்போன்தான் போட வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதித்து வரும். சாதாரணமாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். பாட்டுக் கேட்க அது தெரியாது. வாசிக்கும்போது விரல் ஒரு இடத்திலும் ஒலி இன்னொரு இடத்திலும் நிற்கும், தாளம் கையை விட்டுப் போகும். இதே காரணத்தால் புளூடூத் ஸ்பீக்கரை ஆம்பாக்க முயலாதீர்கள்.

வீட்டில் இருக்கிற ஹோம் தியேட்டரிலோ கோயில் விசேஷத்துக்கு வாங்கிய அகுஜா மைக் செட்டிலோ கிட்டாரை நேரே செருகினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிளீனாக வாசித்தால் சமாளிக்கலாம். டிஸ்டார்ஷன் பெடலைத் தட்டினதும் எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சீறும். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை ஏறக்குறைய வெட்டிவிடும். மற்ற ஸ்பீக்கர்கள் அதையும் சேர்த்துத் தரும். அந்த வெட்டை எலக்ட்ரானிக் முறையில் செய்கிற ‘கேப் சிமுலேஷன்’ உள்ள பிராசஸர் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

விலையை நான் எழுதவில்லை. அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். அமெரிக்காவிலிருந்து வருகிற உறவினரிடம் சொல்லி வாங்குவதானால் பெட்டியின் பின்னால் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் போய்விடும். ஜப்பானில் 100 வோல்ட். சிங்கப்பூர், துபாய் என்றால் பயமில்லை. வோல்டேஜ் நம்முடையதை ஒட்டியதுதான், பிளக் மட்டும் மாறும்.

கரண்டும் எர்த்தும்

இந்த ஊரில் ஆம்புக்கு வருகிற நோய்களில் பாதி, கரண்டிலிருந்து வருவது. சின்னச் சத்தத்தில் வாசிக்கும்போது இரைச்சல் மறைய இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கும். அதனால் மேடைக்காரரைவிட வீட்டில் வாசிக்கிறவர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கீழ் வீட்டில் பவர் டேபிள் ஓடினால் அந்த மோட்டார்களின் இரைச்சல் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாருக்குள் நேராக வந்து இறங்கும். டியூப் லைட் சோக்கும் மட்டமான எல்.இ.டி. பல்புகளும் அப்படித்தான். ஒரு சோதனை செய்யுங்கள்: கிட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் ‘ம்ம்ம்’ என்ற சத்தம் அடங்கும். அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள். ஹம்பக்கர் பிக்கப் என்றால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கிட்டாரே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஆம்ப் கரகரக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் பிரச்சினை இல்லை. பேட்டரியில் ஓடுகிற ஆம்புக்கு இந்தக் கவலையே கிடையாது.

எர்த் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கம்பியைத் தொட்டதும் கையில் ‘சுர்’ரென்று இழுத்தால் வாசிப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பல பழைய லைன் வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே கிடையாது. கிட்டாரின் கம்பிகள் ஜாக் வழியாக ஆம்பின் உடம்போடு இணைந்தவை. ஆம்பில் கசிவு இருந்தால் அது உங்கள் விரலுக்குத்தான் வரும். இரைச்சல் குறைகிறது என்று சொல்லி பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லையென்றால் பேட்டரி ஆம்பிலேயே வாசியுங்கள்.

தறிச் சத்தத்திலிருந்து வருகிற காது

இதை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நம் ஊருக்கு இது முக்கியம்.

பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கிற வரம்பே 90தான். அந்தச் சத்தத்தில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வருகிற காது, சில மணி நேரத்துக்குக் களைத்துக் கிடக்கும். முதலில் மங்குவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. கிட்டாரின் தெளிவும் கூர்மையும் வாழ்கிற இடம் அதற்குப் பக்கத்தில்தான்.

தறியில் வேலை பார்க்கிற என் கிட்டார் மாணவர் ஒருவர், “ஆம்ப்ல டிரெபிளே இல்லைங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குமிழை முழுதாகத் திருப்பி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தூங்கி எழுந்த காதோடு, அதே ஆம்பை அதே அமைப்பில் வாசிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அவரே குமிழைப் பாதிக்கு இறக்கினார்.

ஆகவே, ஆம்பைத் தேர்ந்தெடுப்பதும் குமிழ்களை அமைப்பதும் விடுமுறை நாள் காலையில். அமைத்ததைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரநாள் இரவில் அதை மாற்றாதீர்கள்; அன்றைக்கு மந்தமாகக் கேட்டால் களைத்திருப்பது காது. தறிக்குள் நிற்கும்போது காதடைப்பான் போடுங்கள். ஒவ்வொரு நாளும் தறிச் சத்தம் கேட்கிற காதுக்கு ஹெட்போனைப் பாதிக்கு மேல் திறக்காதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 80 டெசிபல். தறியில் நிற்கிறவருக்கு அந்த 40 மணி நேரம் வேலையிலேயே தீர்ந்துபோகிறது. இது கிட்டாரைவிடப் பெரிய விஷயம். போன செவித்திறன் திரும்பி வராது.

கடையில்

கோவை 50 கிலோமீட்டர்தான். ரயிலில் ஒரு மணி நேரம். ஆன்லைனில் வாங்குவதானாலும் ஒரு முறை கடைக்குப் போய்க் காதால் கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இருக்கிறது. லீவு போட்டு ஒரு வாரநாள் காலையில் போங்கள். கூட்டம் இருக்காது, சின்னச் சத்தம் காதில் விழும்.

உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் நல்ல மனதோடுதான் வால்யூமைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுவார். எல்லா ஆம்பும் அந்தச் சத்தத்தில் நன்றாகத்தான் இருக்கும். “அண்ணா, வீட்டுல ராத்திரி வாசிக்கிற அளவுக்கு வெச்சுக் கேட்கோணும்” என்று சொல்லி, பக்கத்தில் நிற்கிற ஆளோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு இறக்குங்கள். அந்தச் சத்தத்தில் பதினைந்து நிமிடம் வாசியுங்கள். ஆறாவது கம்பியை மட்டும் மெல்லத் தட்டுங்கள், அடிவயிறு இருக்கிறதா என்று கேளுங்கள். கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்து, ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துங்கள், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து நூல் நூலாகத் திருப்புங்கள். சில ஆம்புகளில் ஒன்று வரைக்கும் ஒன்றும் வராது, ஒன்றைத் தாண்டியதும் சத்தம் பாயும். அப்படிப்பட்ட பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய சத்தம் அந்தப் பாய்ச்சலுக்குள்தான் தொலைந்திருக்கும். பிறகு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, ஆம்பின் இரைச்சலை மட்டும் கேளுங்கள். கடைசியாக ஹெட்போனைச் செருகி வாசியுங்கள். சில மலிவு ஆம்புகளில் ஹெட்போன் ஒலி அந்தக் கடுகுப் பொரியலாகத்தான் இருக்கும்.

வீட்டில் வைக்கிற இடம்

தரையில் வைத்தால் உங்கள் முழங்காலுக்குத்தான் நல்ல ஒலி கிடைக்கும். கிட்டார் ஸ்பீக்கரின் டிரெபிள் டார்ச் லைட் போல நேராகப் போகிறது. ஒரு முக்காலியில் வைத்து, காதைப் பார்த்துச் சாய்த்து, நான்கடி தூரத்தில் உட்காருங்கள். பக்கத்தில் இருந்தால் பாதிச் சத்தம் போதும். சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ் இலவசமாகக் கூடும். சின்னச் சத்தத்தில் நாம் தேடுவது அதைத்தான். பொதுச்சுவரை விட்டு, தெருப் பக்கத்துச் சுவரை ஒட்டி வையுங்கள். முக்காலிக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு மடிப்பாகப் பனியன் துணி போடுங்கள், அதிர்வு தரைக்கு இறங்குவது குறையும். குமிழ்களில் பேஸையும் மிட்டையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, டிரெபிளைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். மிட்டைக் குறைக்காதீர்கள், கிட்டாரின் உயிர் அங்கே.

சுவரில் துணி தொங்கவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறைய. துணிக்குப் பஞ்சமில்லாத ஊர். துணி, அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; சுவரைத் தாண்டுவதைப் பெரிதாகத் தடுக்காது. சத்தம் தாண்டுவது இடைவெளிகள் வழியாக. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே திறந்திருக்கிற அந்தச் சந்துதான் உண்மையான கதவு. கட்டிங் வேஸ்ட் துணியை நீளமான பைகளில் இறுக்கி அடைத்து, ஓனரிடம் கேட்டுக்கொண்டு, வயர் போகாத பகுதியாகப் பார்த்து, பொதுச்சுவர்ப் பக்கத்துச் சந்தை மட்டும் மூடுங்கள். காற்று வர மற்ற பக்கம் திறந்திருக்கட்டும். கதவுக்கு அடியிலும் ஒரு துணிச் சுருள். இதில் கிடைக்கிற பலன், ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்குகிற ஸ்பாஞ்ச் பலகையில் கிடைக்காது.

வாசித்து முடித்ததும் ஆம்பை ஒரு துணியால் மூடி வையுங்கள், சூடு ஆறிய பிறகு. இந்த ஊர்க் காற்றில் பஞ்சு பறக்கிறது. அது குமிழுக்குள்ளும் ஜாக்குக்குள்ளும் போய் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் திருப்பும்போதெல்லாம் கரகரக்க வைக்கும்.

முதல் நாள் இரவு, நண்பர் ஒருவரை அழைத்து உங்கள் ஆம்பில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே காதுக்கு எட்டாத அளவு எதுவோ, அந்த இடத்தில் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.